காற்றைப் பார்த்து மிதி

கொழும்பு வெள்ளவத்தையில் சைக்கிள் ஓட்டுகிறவளுக்கு எதிரி பஸ்தான். விடியற்காலையில் மரைன் டிரைவ் வழியே பம்பலப்பிட்டிப் பக்கம் போய்த் திரும்பும் எனக்குக் காற்று என்றால் வியர்வையை உலர்த்துகிற சங்கதி, அவ்வளவுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் மிதித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. குடாநாட்டில் மலை கிடையாது. வருடம் முழுக்க ஓடும் ஆறும் கிடையாது. சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கும் தட்டை நிலம். அங்கே ஏற்றமும் காற்றுதான், இறக்கமும் காற்றுதான்.

பருத்தித்துறையில் இருக்கும் மாமி இதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டா. "சோளகம் தொடங்கீட்டுது பிள்ளை. கீரிமலைப் பக்கத்தால இங்கால வா. இங்கயிருந்து அங்கால மிதிக்க வெளிக்கிடாத, நெஞ்சு நோகும்." சோளகம் தென்மேற்குக் காற்று, மே தொடக்கம் செப்ரெம்பர் வரை அடிக்கும். மார்கழி, தையில் வீசும் வாடை வடகிழக்கிலிருந்து வரும். அப்போது பயணத்தை மறுபக்கமாகத் திருப்ப வேண்டும். தேதி குறிப்பதற்கு முன் காற்றைக் கேளுங்கள்.

கொழும்பிலிருந்து சைக்கிள் கொண்டுபோக வேண்டியதில்லை. 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்ரோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. அங்கே இறங்கினால் விடுதிகளில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். கியர் இல்லாத சாதாரண லுமாலா சைக்கிளே போதும். சுன்னாகம், தெல்லிப்பளை வழியாக வடக்கே போனால் கீரிமலை. கடலை ஒட்டின கேணியில் நன்னீர் ஊறுகிறது. மழைநீர் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே மிதந்தபடி கரைவரை வந்து வெளியேறுகிறது. பெண்களுக்குத் தனிக் கேணி உண்டு. முழுகிவிட்டுப் புறப்படுவது நல்லது, பிறகு நிழல் குறைவு.

காங்கேசன்துறையைத் தாண்டினால் கரையோரம் இன்னும் முழுசாக மக்களுடையதல்ல. மயிலிட்டித் துறைமுகமே இராணுவத்திடமிருந்து 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. பலாலியைச் சுற்றி இராணுவ வேலிகள் உண்டு. எந்தத் துண்டால் போகலாம், எங்கே உள்பாதைக்குத் திரும்ப வேண்டும் என்று தேநீர்க் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். வரைபடத்தை நான் இந்த இடத்தில் நம்புவதில்லை.

தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி. அன்னதானத்துக்குப் பெயர்போன முருகன் கோயில். மத்தியானத்துக்குப் போய்ச் சேர்வது புத்தி. அதற்கடுத்தது வல்வெட்டித்துறை. இந்தச் சிற்றூரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. காற்றைப் படிக்கத் தெரிந்த ஊர்.

ஆழிக்குமரன் ஆனந்தனும் இந்த ஊர்க்காரர்தான். பாக்கு நீரிணையை 1971இல் போக வர நீந்தியவர் என்று எல்லாருக்கும் தெரியும். சைக்கிள்காரராகவும் அவரை நினைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் நிறுத்தாமல் மிதித்தார். ஒரு கிழமைக்கும் மேல்! வெள்ளவத்தையிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் நடந்த சங்கதி. இன்று அந்தப் பூங்காவுக்குப் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் இறந்துபோனார்.

வல்வெட்டித்துறையிலிருந்து பருத்தித்துறை வரை தெரு கடலை விட்டு அதிகம் விலகாது. இடது கைப்பக்கம் வள்ளங்கள், காயும் வலைகள், கருவாட்டு மணம். சோளகம் முதுகில் கைவைத்துத் தள்ளும். பெடலில் கால் சும்மா கிடக்கும். இலங்கையின் வடமுனை பருத்தித்துறைக்கு அருகே சக்கோட்டையில் இருக்கிறது. அங்கே நின்று படம் எடுக்கிறவர்கள் அதிகம். எனக்கோ பருத்தித்துறை வடையில்தான் கண். தட்டையாக, மொறுமொறுவென்று, நாள்கணக்கில் கெடாமல் இருக்கும், பையில் போட்டுக்கொள்ளலாம். காலில் வலு உள்ளவர்கள் தெற்கே மணற்காடு வரை போகலாம். மணல் குன்றுகளும் சவுக்குத் தோப்பும் உண்டு. ஆனால் மணலில் சைக்கிளை உருட்டத்தான் வேண்டும். தண்ணீர்ப் போத்தலை நிரப்பாமல் போகாதீர்கள்.

திரும்புகிற வழி நெல்லியடி ஊடாக யாழ்ப்பாணம். ஊர்களுக்குள் பனையும் மதிலும் காற்றை மறிக்கும். வல்லை வெளியில் மறிக்க ஒன்றுமில்லை. அதே சோளகம் இப்போது முகத்துக்கு நேரே வரும். பகலில் அது உரப்பாக வீசும், இரவில் கொஞ்சம் தணியும். ஆகவே பருத்தித்துறையில் தங்கிவிட்டு, விடியமுன் வல்லையைத் தாண்டிவிடுங்கள்.