அளவுக்கேற்ற குரோஷா ஆடை

குரோஷா ஆடை என்பது முனையில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துப் பின்னி உருவாக்கப்படும் உடை ஆகும். மேற்சட்டை, கையில்லாச் சட்டை, சால்வை, குழந்தைகளின் கவுன், தொப்பி முதலியவை இம்முறையில் செய்யப்படுகின்றன. தையற்காரர் நெய்த துணியை உடல் அளவுக்கு வெட்டித் தைக்கிறார். குரோஷாவில் துணியே உடல் அளவுக்கு உருவாகிறது. இதனால் வெட்டுத்துணி வீணாவதில்லை. ஆனால், பின்னத் தொடங்கும் முன்பே அளவைக் கணக்கிட்டாக வேண்டும்.

தோற்றம்

'குரோஷே' என்பது சிறு கொக்கியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். தமிழில் இது குரோஷா, குரோசா என வழங்குகிறது. அச்சில் வெளிவந்த தொடக்ககாலக் குரோஷா வடிவமைப்புகளுள் சில 1823-இல் 'பெனலோப்' என்ற டச்சு இதழில் வந்தன. 1840-களின் பஞ்சத்தின்போது அயர்லாந்தில் பல குடும்பங்களுக்குக் குரோஷா லேஸ் பிழைப்புத் தொழிலானது. இந்தியாவில் ஆந்திரத்தின் நரசாப்பூர் வட்டாரத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மறைப்பணியாளர்கள் வழியாக இக்கலை வேரூன்றியது. நரசாப்பூர் குரோஷா லேஸ் 2024-இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஊசியும் தையல்களும்

மெல்லிய லேஸ் நூலுக்கு 2 மி.மீ.க்கும் குறைவான எஃகு ஊசியும், நடுத்தரப் பருத்தி நூலுக்கு 3.5 அல்லது 4 மி.மீ. ஊசியும் பயன்படுகின்றன. சங்கிலித் தையலே அடிப்படை. அதன்மேல் ஒற்றைக் குரோஷா, இரட்டைக் குரோஷா போன்ற தையல்கள் வரிசையாக ஏறுகின்றன. அமெரிக்க முறையில் ஒற்றைக் குரோஷா எனப்படுவதைப் பிரித்தானிய முறையில் இரட்டைக் குரோஷா என்பர். ஒரு வடிவமைப்பு எந்த முறையில் எழுதப்பட்டது என்று பார்க்காமல் பின்னினால் ஆடையின் உயரமே மாறிவிடும்.

அளவெடுத்தல்

மார்பு, இடை, இடுப்புச் சுற்றளவுகள், தோள் அகலம், அக்குள் ஆழம், மேற்கைச் சுற்றளவு, ஆடையின் நீளம் ஆகியவை எடுக்கப்படுகின்றன. உடல் அளவும் ஆடை அளவும் ஒன்றல்ல. தளர்வாக அணிய வேண்டுமானால் சுற்றளவில் சில செ.மீ. கூட்ட வேண்டும். உடலோடு ஒட்டி நிற்க வேண்டுமானால், பின்னல் இழுபடும் என்பதால், கூட்டாமலோ சற்றுக் குறைத்தோ பின்னலாம்.

மாதிரித் துண்டு

ஒரே நூல், ஒரே ஊசி என்றாலும் ஒருவர் கை இறுக்கமாகப் பின்னும், மற்றொருவர் கை தளர்வாகப் பின்னும். ஆகவே முதலில் சுமார் 15 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றைப் பின்னி, துவைத்து, உலர்த்தி, அதன் நடுவில் 10 செ.மீ.க்குள் எத்தனை தையல், எத்தனை வரிசை உள்ளன என எண்ண வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 10 செ.மீ.க்கு 18 தையலும் 10 வரிசையும் வந்ததாகக் கொள்வோம். மார்புச் சுற்றளவு 92 செ.மீ., தளர்வு 5 செ.மீ. எனில் ஆடையின் சுற்றளவு 97 செ.மீ. முன், பின் என இரு நீள்சதுரத் துண்டுகளாகப் பின்னினால் ஒவ்வொன்றின் அகலமும் 48.5 செ.மீ. ஒரு செ.மீ.க்கு 1.8 தையல் என்பதால் 87 தையல்கள் தேவை. 55 செ.மீ. நீளத்துக்கு 55 வரிசைகள் வேண்டும்.

இதே 87 தையல்களை 10 செ.மீ.க்கு 16 தையல் விழும் தளர்வான கை பின்னினால் சுற்றளவு ஏறத்தாழ 109 செ.மீ. ஆகும். பத்து செ.மீ.க்கு இரண்டு தையல் வேறுபாடு, முழு ஆடையில் 12 செ.மீ. பிழையாகிறது.

பின்னும் முறைகள்

தனித்தனித் துண்டுகளைப் பின்னி இணைப்பது எளிய முறை. சிறு சதுரங்களைக் கோத்து ஆடையாக்குவது மற்றொன்று. இதில் சதுரங்களைக் கூட்டியும் குறைத்தும் அளவை மாற்றலாம். கழுத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிச் சுற்றிப் பின்னும் முறையில், இடையிடையே அணிந்து பார்த்துத் திருத்த முடியும்.

காசிமேட்டு மீன்வலையின் கண்ணி முடிச்சால் இறுகியது. குரோஷாக் கண்ணியோ முடிச்சில்லாத வளையம். கடைசி முனையை அவிழ்த்து இழுத்தால் வரிசை வரிசையாகப் பிரிந்துவிடும். எனவே பிழையைத் திருத்துவது எளிது. மேலிருந்து கீழாகப் பின்னிய குழந்தைக் கவுனை, குழந்தை வளர்ந்தபின் ஓரத்தில் தொடர்ந்து பின்னி நீட்டவும் செய்யலாம்.

நூலும் தட்பவெப்பமும்

கம்பளி நூல் குளிர்ப் பகுதிகளுக்கே ஏற்றது. அக்ரிலிக் நூல் விலை குறைந்தது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. சென்னை போன்ற புழுக்கமான கடற்கரை நகரங்களுக்குப் பருத்தி நூலும் இடைவெளி மிகுந்த பின்னலும் பொருந்தும். பருத்தி கனமானது, நனைந்தால் மேலும் கனத்து இழுபடும். ஆகவே பருத்திக் குரோஷா ஆடையைக் கொடியில் தொங்கவிடாமல், நிழலில் பரப்பி உலர்த்த வேண்டும்.

சென்னையில்

கொருக்குப்பேட்டையை அடுத்துள்ள பழைய வண்ணாரப்பேட்டையின் எம். சி. சாலை துணிக்கடைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கு விற்கப்படுவன போன்ற ஆயத்த ஆடைகள் சிறியது, நடுத்தரம், பெரியது எனச் சில அளவுகளுக்குள் அடங்குகின்றன. தோள் குறுகி இடுப்பு அகன்றவர், ஒரு கை மெலிந்தவர் போன்றோருக்கு அவை சரியாகப் பொருந்துவதில்லை. கணக்கிட்டுப் பின்னும் ஆடை பொருந்தும்.

குரோஷாக் கலைஞர்களின் கூட்டுமுயற்சிக்கும் சென்னை அறியப்பட்டது. 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் பின்னி இணைத்த 11,148.5 சதுர மீட்டர் போர்வை, 2016 சனவரி 31 அன்று சென்னையில் கின்னஸ் உலக சாதனை படைத்தது.

உழைப்பும் விலையும்

நெசவுக்கும் ஊசிப் பின்னலுக்கும் இயந்திரங்கள் உண்டு. உண்மையான குரோஷாவை வணிக அளவில் பின்னும் இயந்திரம் இல்லை. கடையில் மலிவாகக் கிடைக்கும் குரோஷா ஆடையும் யாரோ ஒருவர் கையால் பின்னியதே. நரசாப்பூர் லேஸ் தொழிலாளர்களை ஆய்வு செய்த மரியா மீஸ், 1982-இல் வெளியான தம் நூலில், வீட்டிலிருந்து பின்னும் பெண்களின் வேலை இல்லத்தரசிகளின் ஓய்வுநேர வேலையாகக் கருதப்பட்டதால் கூலி மிகக் குறைவாக இருந்ததைக் காட்டினார்.

அளவு கொடுத்து ஆடை பின்னச் சொல்லும்போதும் இதே சிக்கல் எழுகிறது. நூல் விலை வெளிப்படையாகத் தெரிகிறது. உழைத்த நேரம் தெரிவதில்லை. இதற்கும் மாதிரித் துண்டே உதவும். ஒரு மணி நேரத்தில் எத்தனை தையல் விழுகிறது என்பதை அதிலேயே குறித்துக்கொள்ளலாம். மேலே கண்ட சட்டையில் 87 தையல் கொண்ட ஒரு வரிசைக்குப் பத்து நிமிடம் எனக் கொண்டால், இரு துண்டுகளின் 110 வரிசைகளுக்கு 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இணைப்பதும் ஓரம் கட்டுவதும் இதில் சேரவில்லை. நூல் விலையுடன் இந்த நேரத்துக்கான கூலியையும் சேர்த்ததே அந்த ஆடையின் விலை.