இதயமும் ஒரு பம்ப்தான்!



ஹைட்ராலிக்ஸ் லேபில் சென்ட்ரிஃபியூகல் பம்பை ஓட்டி ரீடிங் எடுத்த நமக்கு 'இதயச் செயலிழப்பு' புரியாத விஷயமல்ல. இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. பம்பின் டிஸ்சார்ஜ் குறைந்துவிட்டது. அதனால் நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்குகிறது. கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும்.

பென்னாகரம் பக்கம் இருக்கும் என் ஆயாவுக்கு இந்த நோய்தான். போன வருஷம் தர்மபுரியில் ஒரு கல்யாணம். "பஸ்ஸுல அடிக்கடி ஒண்ணுக்கு வருமேடா" என்று லாசிக்ஸ் மாத்திரையை விட்டுவிட்டார். மறுநாளும் அசதியில் மறந்து போச்சு. முட்டிவலி வேறு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுத்தவன் சாட்சாத் நானேதான். நாலாம் நாள் ராத்திரி மூச்சு விட முடியாமல் உட்கார்ந்தே இருந்தார். 108-க்கு போன் செய்தோம். "வலி மாத்திரை யாருப்பா குடுத்தது?" என்று டாக்டர் கேட்டபோது தலை குனிந்து நின்றேன்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் போன்றவை உப்பையும் நீரையும் வெளியே விடாமல் சிறுநீரகத்தைத் தடுக்கும். லாசிக்ஸ் நீரை வெளியேற்றப் பார்க்கும். ஒருவன் தொட்டியைக் காலி செய்ய, இன்னொருவன் வால்வை மூடினால் என்னாகும்? பயண நாளில் லாசிக்ஸை விட வேண்டியதில்லை. எந்த நேரத்துக்குத் தள்ளிப் போடலாம் என்று டாக்டரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

எனாலபிரில் இன்னொரு மாத்திரை. இந்த வகை மருந்துகள் பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தவை என்றால் நம்புவீர்களா? ரத்தக் குழாயைத் தளர்த்தி பம்பின் லோடைக் குறைக்கும். இதோடு ஸ்பைரனோலாக்டோனும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். வெயிலுக்கு நல்லதென்று தினமும் இளநீர் வெட்டிக் கொடுக்கும் பேரன்கள் முதலில் டாக்டரைக் கேட்கவும்.

எனக்குப் பயம் டிஜாக்சின் மேல்தான். ஃபாக்ஸ்குளோவ் செடியின் இலையைப் பற்றி இங்கிலாந்து டாக்டர் வில்லியம் விதரிங் 1785-இல் புத்தகம் எழுதினார். அதன் வழிவந்த மருந்து இது. மருந்தளவுக்கும் விஷ அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதனால் நம்மூரில் வாரம் 5 நாள் மட்டும் எழுதித் தருவதுண்டு. மறந்த வேளைக்குச் சேர்த்து மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. வாந்தி, பசியின்மை, பார்வை மஞ்சளாவது இவை வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

5-8-2021 அன்று பழைய தர்மபுரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வருகிறது. தனியார் டாக்டரிடமும் மாத்திரை வாங்குபவர்கள் இரண்டையும் ஒருவரிடமே காட்ட வேண்டும். கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும், உள்ளே இருப்பது ஒரே மருந்தாகிவிடலாம். கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால் பெயரும் தேதியும் அந்தப் பக்கமே போய்விடும். முழு அட்டையாகக் கேளுங்கள்.

இப்போது ஆயா தினமும் காலையில், சாப்பிடும் முன் எடை மெஷினில் ஏறி நிற்கிறார். பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புப் பெண் எண்ணைப் படித்துக் காலண்டரில் எழுதுகிறாள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் எனக்கு போன் வரும்.