மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் முதியோரை வாட்டும் மனச்சோர்வு: கவனிக்க வேண்டியவை என்ன?

இடுப்பு எலும்பு முறிவு, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் முதியோரில் சிலர், உடல்நலம் தேறிவரும் நிலையிலும் படுக்கையை விட்டு எழ விரும்புவதில்லை. உணவையும் பேச்சையும் குறைத்துக்கொள்கின்றனர். வயதானால் இப்படித்தான் என்று குடும்பத்தினர் கருதும் இந்த நிலை, சிகிச்சையால் குணப்படுத்தக்கூடிய மனச்சோர்வு நோயாக இருக்கலாம்.

பக்கவாதத்துக்கு உள்ளானோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கும், மாரடைப்பு ஏற்பட்டோரில் சுமார் ஐந்தில் ஒருவருக்கும் மனச்சோர்வு ஏற்படுவதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. இந்தியாவில் 2017-18-ஆம் ஆண்டுகளில் முதுமை குறித்து நடத்தப்பட்ட தேசிய அளவிலான ஆய்வில், 60 வயதைக் கடந்தோரில் சுமார் 8 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் காணப்பட்டன. ஆனால், அந்நோய் இருப்பது ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தோர் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

காரணம் என்ன?

வலி, கலைந்த தூக்கம், பழக்கமற்ற சூழல், குளியலறைக்குச் செல்லவும் பிறர் துணையை நாடும் நிலை ஆகியவை மனதைத் தளர்த்துகின்றன. குடும்பத்துக்குச் செலவு வைத்துவிட்டோம் என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. பக்கவாதத்தில் மூளைக்கு ஏற்படும் பாதிப்பும் மனநிலையை மாற்றக்கூடும்.

படுக்கையிலேயே இருப்பது உடலையும் விரைவாகப் பலவீனப்படுத்துகிறது. ஆரோக்கியமான முதியோர் 10 நாள்கள் முழு ஓய்வில் இருந்தபோது, கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ அளவுக்குத் தசை குறைந்ததை 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மனச்சோர்வால் நடைப்பயிற்சியையும் மாத்திரைகளையும் தவிர்க்கும்போது பலவீனம் மேலும் கூடுகிறது. கீழே விழுந்து மீண்டும் மருத்துவமனைக்குச் செல்லும் அபாயமும் அதிகரிக்கிறது.

கண்டறிவது எப்படி?

முதியோர் பலர் கவலையைச் சொல்வதில்லை; உடல் வலி, தூக்கமின்மை, பசியின்மை என்றே கூறுகின்றனர். எதிலும் நாட்டமின்மை அல்லது வருத்தம் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும். ஆம், இல்லை என்று பதிலளிக்கும் 15 கேள்விகள் கொண்ட எளிய மதிப்பீட்டு முறையும் உள்ளது. தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் இதேபோன்ற சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியமாகிறது.

ஓரிரு நாள்களில் திடீரெனக் குழப்பமோ, அளவுக்கு மீறிய மயக்கமோ ஏற்பட்டால் அது மனச்சோர்வாக இல்லாமல், நோய்த்தொற்று அல்லது மருந்துகளின் விளைவாக இருக்கலாம். அதற்கு உடனடி சிகிச்சை தேவை.

சிகிச்சை என்ன?

மனநல ஆலோசனையும், தேவைப்பட்டால் மருந்துகளும் பலனளிக்கும். மருந்தின் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். இடையில் தாமாக நிறுத்தக் கூடாது. சில மருந்துகள் முதியோரின் ரத்தத்தில் சோடியம் அளவைக் குறைக்கக்கூடும் என்பதால் மருத்துவரின் கண்காணிப்பு தேவை. காலை வெயிலில் சில நிமிட நடை, குடும்பத்தினருடன் சேர்ந்து உண்பது, காய்கறி நறுக்குவது போன்ற சிறு பொறுப்புகள் தன்னம்பிக்கையை மீட்க உதவும். எல்லா வேலைகளையும் பிறரே செய்துவிடுவது மீட்சியைத் தாமதப்படுத்தும்.

ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2024 அக்டோபரில் 70 வயது நிறைந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. வீடு திரும்பிய பின் 15 நாள்கள் வரையிலான தொடர் சிகிச்சைச் செலவை அத்திட்டம் ஏற்கிறது. மனச்சோர்வு தெளிவாகப் புலப்படவே இரு வாரங்கள் ஆகலாம் என்பதால், அதன் பிறகும் குடும்பத்தினரின் கவனிப்பு தொடர வேண்டியுள்ளது.

வாழ்ந்து பயனில்லை என்பது போன்ற பேச்சை முதியோரின் வழக்கமான புலம்பல் என ஒதுக்காமல் உடனே உதவி பெற வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் கட்டணமின்றித் தொடர்புகொண்டு தமிழிலும் ஆலோசனை பெறலாம்.