டர்போ கார்களின் சக்தியைக் கூட்டும் 'ரீமேப்': கிடைப்பது என்ன, இழப்பது என்ன?

புதுதில்லி: சிறிய கார்களிலும் டர்போ என்ஜின் வழக்கமாகிவிட்ட நிலையில், அதன் சக்தியை மேலும் கூட்டித் தருவதாகக் கூறும் கடைகள் பெருநகரங்களில் இயங்கி வருகின்றன. மடிக்கணினியைக் காருடன் இணைத்து, ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுகிறார்கள். செலவு சில பத்தாயிரம் ரூபாய். கூடுதல் சக்தி கிடைப்பதும் உண்மைதான். ஆனால் அது எங்கிருந்து கிடைக்கிறது என்பதை அறியாமல் பணம் கொடுப்பவர்கள், பின்னாளில் கியர்பாக்ஸையோ என்ஜினையோ மாற்றும் செலவையும், உத்தரவாதமும் காப்பீடும் கைவிட்டுப் போகும் சிக்கலையும் சந்திக்க நேரிடலாம்.

அதே வேளையில், உரிமையாளர் வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளக்கூடிய பராமரிப்பு வேலைகள் சில உள்ளன. டர்போவின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பவை, கவர்ச்சியற்ற அந்தச் சிறு வேலைகள்தான்.

வரி விதியும் டர்போவும்

இந்தியாவில் டர்போ பெட்ரோல் கார்கள் பரவியதில் வரி விதிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 4 மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோலில் 1,200 சிசி, டீசலில் 1,500 சிசிக்கு மிகாத என்ஜினும் கொண்டவை சிறிய கார்களாகக் கருதப்படுகின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி விகிதங்களின்படி இவற்றுக்கு 18 சதவீதமும், பெரிய கார்களுக்கு 40 சதவீதமும் வரி விதிக்கப்படுகிறது. கொள்ளளவைக் கூட்ட முடியாத நிலையில், அதே கொள்ளளவுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கும் டர்போவை நிறுவனங்கள் நாடின. டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின் பொதுவாக 80 முதல் 90 பிஎஸ் சக்தி தரும். 2019இல் அறிமுகமான ஹூண்டாய் வென்யூவின் 1 லிட்டர் டர்போ என்ஜின் 120 பிஎஸ் தந்தது.

இது இயங்கும் விதம் எளிமையானது. என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை, டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள கம்பிரஸர் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டலாம், சக்தியும் கூடும். 1905இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி காப்புரிமை பெற்ற இந்த அடிப்படை இன்றும் மாறவில்லை. மாறியிருப்பது அளவும் வேகமும்தான். உள்ளங்கையில் அடங்கும் இன்றைய சக்கரங்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் முறைகூடச் சுழல்கின்றன. பெட்ரோல் கார்களில் டர்பைனை வந்தடையும் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இத்தனை வேகத்தில், இத்தனை வெப்பத்துக்கு அருகே சுழலும் தண்டை, பெரும்பாலான கார்களில் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே.

ஆயில், காற்று, வெப்பம்

ஆகவே டர்போ காரில் ஆயில் என்பது தள்ளிப்போடக்கூடிய செலவு அல்ல. சமதளத்தில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, அளவுக்கம்பியில் ஆயில் இரு குறிகளுக்கும் இடையே உள்ளதா என வாரம் ஒருமுறையோ நெடும்பயணத்துக்கு முன்போ பார்ப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. மேல்குறியைத் தாண்டி ஊற்றுவதும் கேடுதான். ஆயில் மாற்றும்போது கையேட்டில் குறிப்பிட்ட தரத்திலிருந்து விலகக் கூடாது. 'கெட்டியான ஆயில் என்ஜினுக்கு நல்லது' என்ற பழைய நம்பிக்கை இங்கே பொருந்தாது. குளிர்ந்த காலையில் கெட்டியான ஆயில் டர்போவைச் சென்றடையத் தாமதமாகும். ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்ஸிலரேட்டரை உறுமவிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டிவந்து உடனே சாவியைத் திருப்பினால், ஆயில் ஓட்டம் நின்றுவிடும். டர்பைனின் வெப்பம் நிற்காது. தண்டின் அருகே தங்கிய ஆயில் கருகிக் கரியாகி, நாளடைவில் ஆயில் வழியையே அடைக்கக்கூடும். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுவதோ, ஒரு நிமிடம் என்ஜினை ஓடவிட்டு அணைப்பதோ போதும். நகருக்குள் மெதுவாக ஓட்டி வந்த காருக்கு இது தேவைப்படாது. என்ஜினை அணைத்த பின்னும் கூலன்ட் பம்ப்போ மின்விசிறியோ சிறிது நேரம் ஓடும்படி பல புதிய கார்கள் வடிவமைக்கப்பட்டுள்ளன. அந்தச் சத்தத்தைக் கேட்டு பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடக் கூடாது.

அடுத்தது காற்று. புழுதி மிகுந்த சாலைகளில் ஏர் ஃபில்டர் கையேட்டில் சொன்ன காலத்துக்கு முன்பே அடைபடலாம். ஃபில்டரின் விளிம்பு சரியாக அமராவிட்டால், உள்ளே புகும் மண் துகள் கம்பிரஸர் சக்கரத்தின் மெல்லிய இதழ்களை அரிக்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது 'ஸ்ஸ்' என்ற புதிய ஓசை எழுந்து, இழுவையும் குறைந்தால், அழுத்தக் காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸில் விரிசலோ தளர்ந்த கிளாம்ப்போ இருக்க வாய்ப்பு அதிகம். சில நூறு ரூபாய்க் கிளாம்ப்பில் முடியும் கோளாறுக்கு முழு டர்போவையும் மாற்றச் சொல்லும் முன், அந்த ஹோஸைப் பார்க்குமாறு மெக்கானிக்கிடம் உரிமையாளர் கேட்கலாம். நீலப் புகை தொடர்ந்து வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஆயில் எரிகிறது என்பதற்கான அறிகுறி அது.

ஸ்பார்க் பிளக் மாற்றுவது பழகியவர்களால் முடியும். ஆனால் முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனர் இன்றிச் செய்தால் அலுமினியத் திருகுமரை சிதைந்துவிடும். நேரடி எரிபொருள் பீய்ச்சல் கொண்ட பெட்ரோல் என்ஜின்களில் எரிபொருள் குழாயைத் தொடவே கூடாது. அங்கே அழுத்தம் 200 பாருக்கு மேல். டீசல் காமன்ரெயிலில் 1,600 பாரையும் தாண்டும். ஊசிமுனை அளவுக் கசிவும் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும்.

மென்பொருள் எதை எடுக்கிறது?

பழைய என்ஜின்களில் சக்தியைக் கூட்ட உலோகத்தைக் கடைய வேண்டும். டர்போ காரில் காற்றழுத்தம், தீப்பொறி விழும் நேரம், எரிபொருள் அளவு ஆகிய அனைத்தும் என்ஜின் கட்டுப்பாட்டுக் கணினியில் எண்களாக உள்ளன. அந்த எண்களை மாற்றி எழுதுவதே ரீமேப். வேறு சில பெட்டிகள் கணினியைத் தொடாமல், அழுத்த சென்சாரின் அளவைக் குறைத்துக் காட்டி அதை ஏமாற்றுகின்றன.

நிறுவனம் ஏன் அந்த எண்களைக் குறைவாக வைத்தது என்பதே இங்கு முக்கியக் கேள்வி. ஒரே மென்பொருள் நாகபுரியின் 45 டிகிரி கோடையிலும், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும் லே நகரிலும், முழுச் சுமையுடன் மலைப்பாதை ஏறும்போதும், தரம் குறைந்த பெட்ரோலிலும், அடைபட்ட ஃபில்டருடனும் என்ஜினைக் காப்பாற்ற வேண்டும். அதற்காக விடப்பட்ட இடைவெளியைத்தான் ரீமேப் சக்தியாக மாற்றுகிறது. புதிதாக எதுவும் உருவாவதில்லை. அதிக ஆக்டேன் பெட்ரோலை நம்பி எழுதப்பட்ட ரீமேப், அந்தப் பெட்ரோல் கிடைக்காத ஊரில் சிக்கலாகிவிடும். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் அறிமுகம் செய்த 100 ஆக்டேன் பெட்ரோல், சாலையோர பங்க் ஒவ்வொன்றிலும் கிடைக்கும் பொருள் அல்ல.

குறைந்த சுழற்சி வேகத்தில், உயர் கியரில், ஆக்ஸிலரேட்டரை முழுமையாக அழுத்தும்போது தீப்பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் நிகழ்வு, சிறிய நேரடிப் பீய்ச்சல் டர்போ என்ஜின்களுக்கு உரிய ஆபத்து. ஒரே அடியில் பிஸ்டன் உடையவும் கூடும். இதைக் கட்டுப்படுத்தவே 2018இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020இல் ஏபிஐ எஸ்பி ஆகிய ஆயில் தரங்கள் வந்தன. குறைந்த வேகத்திலேயே இழுவையை உயர்த்திக் காட்டுவது ரீமேப்பின் விற்பனைச் சிறப்பு. ஆபத்து காத்திருக்கும் இடமும் அதுதான். கியரைக் குறைத்துவிட்டு வேகமெடுப்பது நல்ல பழக்கம்.

என்ஜின் தாங்கினாலும் கியர்பாக்ஸ் தாங்குமா என்பது வேறு கேள்வி. ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா கார்களின் 1.5 லிட்டர் டர்போ என்ஜின் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. அத்துடன் வரும் 7 கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி கியர்பாக்ஸின் வடிவமைப்பு வரம்பும் 250 நியூட்டன் மீட்டர்தான். இதில் 20 சதவீதம் கூட்டினால் 300 ஆகிவிடும். வரம்புக்கு மேல் 50. கடை தரும் வரைபடத்தில் என்ஜினின் கோடு மட்டுமே இருக்கும். கிளட்சின் கோடு இருக்காது.

எல்லா மாற்றங்களும் ஒரே தரத்தவை அல்ல. பெரிய இன்டர்கூலர், உள்ளே செல்லும் காற்றைக் குளிர்வித்து என்ஜினின் பாதுகாப்பைக் கூட்டுகிறது. அழுத்தக் காற்றை வெளியே விட்டு 'புஸ்' என ஒலிக்கும் வால்வு, ஓசையைத் தவிர வேறெதையும் தருவதில்லை.

சட்டமும் காப்பீடும்

வாகன நிறுவனம் தொடக்கத்தில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரங்கள் வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. பதிவு விண்ணப்பத்தில் என்ஜின் கொள்ளளவுடன் குதிரைத்திறனும் கேட்கப்படுகிறது. வாகன மாற்றங்கள் தொடர்பான கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இப்பிரிவின் கட்டுப்பாட்டை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். புகை வடிகட்டியை நீக்கி மாசு, இரைச்சல் விதிகளை மீறினால் 190ஆவது பிரிவின்படி முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, ஓட்டுநர் உரிமத்துக்கு 3 மாதத் தடை ஆகியவை உண்டு.

சாலையில் யாரும் மென்பொருளைச் சோதிப்பதில்லை என்ற துணிச்சல் பலருக்கு உண்டு. விபத்துக்குப் பின் காப்பீட்டு ஆய்வாளரும், கோளாறுக்குப் பின் சர்வீஸ் மையமும் சோதிக்கக்கூடும். தெரிவிக்காத மாற்றம், இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம்.

வீட்டிலோ வெளிக்கடையிலோ செய்யும் சாதாரணப் பராமரிப்பை இதனுடன் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. உதிரிபாகச் சந்தை தொடர்பான வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளிக்கடையில் பழுது பார்த்தாலே உத்தரவாதம் ரத்து எனப் பொதுவாக நிபந்தனை விதிக்கக் கூடாது என்றும் அது உத்தரவிட்டது. இதை எதிர்த்து நிறுவனங்கள் சட்டப் போராட்டத்தில் இறங்கின. எனவே உத்தரவாதக் காலத்தில் குறித்த கால சர்வீஸைத் தவறவிடாமல், ஆயில், ஃபில்டர் வாங்கிய ரசீதுகளைத் தேதியுடனும் கிலோமீட்டர் குறிப்புடனும் வைத்திருப்பது பாதுகாப்பானது.

பழைய டர்போ கார் வாங்குவோருக்கு அந்த ரசீதுகளே முதல் சான்று. விற்கும் முன் ரீமேப்பை அழித்துப் பழைய மென்பொருளை ஏற்றிவிட முடியும். தேய்ந்த கிளட்சை அப்படி மறைக்க முடியாது. நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் மென்பொருளின் பதிப்பைச் சரிபார்த்து, குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து புகையின் நிறத்தைப் பார்த்து, மேட்டுச் சாலையில் முழு வேகமெடுத்து கிளட்ச் நழுவுகிறதா எனச் சோதித்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.