மேல் காதில் துப்பாக்கி வேண்டாம்

நகைக்கடை, ஃபேன்சி ஸ்டோர், பியூட்டி பார்லர் என எங்கே போனாலும் 'இங்கு காது குத்தப்படும்' என்ற அட்டை தொங்குகிறது. உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் வேலை முடிந்துவிடும். ஆஸ்பத்திரியில் ஊசி போடும் நர்ஸிடம் "ஊசி புதுசுதானே?" என்று கேட்கப் பழகிவிட்ட நாம், காது குத்துபவரிடம் வாய் திறப்பதில்லை. தோலைத் துளைத்து, அந்தப் புண்ணுக்குள் ஓர் உலோகத்தை மாதக்கணக்கில் விட்டுவைக்கிற வேலை இது. ஊசியைவிட அதிகமாகக் கேள்வி கேட்க வேண்டிய இடம்.

கீழ்க்காது வேறு, மேல் காது வேறு. குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, மாமன் மடியில் உட்கார வைத்து ஆசாரி குத்துவது கீழ்க்காதில். அங்கே தோலும் கொழுப்பும்தான். ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும். மேல் காது குருத்தெலும்பு. அதற்கென்று சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து கசிந்து வரும் ஊட்டத்தில்தான் அது பிழைக்கிறது. அங்கே போட்ட ஓட்டை ஆற நாலு மாதம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். கிருமி புகுந்து, உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே சீழ் கோத்துக்கொண்டால் ஊட்டம் நின்றுபோகும். குருத்தெலும்பு செத்துவிடும். செத்தது மறுபடி வளராது. காதின் மேல்பாகம் சுருங்கி, முண்டும் முடிச்சுமாக ஆயுசுக்கும் நின்றுவிடும். கல்லூரிப் பெண்களும் இளைஞர்களும் இன்று வரிசையாக வளையம் போட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைகளில் 'கன் ஷாட்' என்று சொல்லும் துப்பாக்கியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதில் தனியாக ஊசி கிடையாது. கம்மலின் தண்டே ஊசி. ஸ்பிரிங் விசையில் அது காதை முட்டி, கிழித்துக்கொண்டு மறுபக்கம் வந்து சுரையில் போய் மாட்டிக்கொள்கிறது. பியர்சிங் செய்யத் தெரிந்தவர் வைத்திருக்கும் உள்ளே குழலான ஊசியோ கூர்மையால் வழியை வெட்டிக்கொண்டு போகும். கீழ்க்காதின் மெத்தென்ற சதை துப்பாக்கியின் அடியை ஓரளவு தாங்கும். குருத்தெலும்பு நசுங்கும். துப்பாக்கியின் பல பாகங்கள் பிளாஸ்டிக் என்பதால் அதை ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்கவும் முடியாது. ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்துவிட்டு அடுத்தவர் காதுக்குப் போகிறது. ஹெபடைடிஸ்-பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, ஏழு நாள் உயிரோடு இருக்கக்கூடியது.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு நடந்ததைக் கேட்டால் 'மருந்து தெளித்துத்தான் குத்தினோம்' என்ற பேச்சில் எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்பது தெரியும். அங்கே ஒரு சிறு நகைக் கடையில் துப்பாக்கியால் மேல் காது குத்திக்கொண்ட இளைஞர்களுக்கு ஒருவர் பின் ஒருவராகக் காது வீங்கிச் சீழ் வைத்தது. சிலரை ஆஸ்பத்திரியில் சேர்த்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போன சுகாதாரத் துறையினர் அதைக் கண்டுபிடித்தது கிருமிநாசினி பாட்டிலில். மறுபடி மறுபடி நிரப்பிப் பயன்படுத்திய தெளிப்பான் பாட்டிலுக்குள் சூடோமோனாஸ் என்ற கிருமி குடியேறியிருந்தது. நோயாளிகளின் காதிலிருந்து எடுத்ததும் அதே கிருமிதான்.

இந்தச் சூடோமோனாஸ்தான் மேல் காதின் முதல் எதிரி. வழக்கமாக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் அமாக்சிசிலின் மாத்திரை அதனிடம் எடுபடாது. நாலு நாள் அதைப் போட்டுப் பார்ப்போம் என்று இருப்பவருக்கு அந்த நாலு நாளில் காது போய்விடலாம். அடையாளம் கண்டுகொள்வது சுலபம். மேல் காது முழுக்கச் சிவந்து, சுட்டு, தொட முடியாமல் வலிக்கும்; காதின் மடிப்புகள் வீக்கத்தில் மறைந்துபோகும்; ஆனால் கீழ்க்காது மட்டும் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். குருத்தெலும்பு அங்கே இல்லாததால்தான் அப்படி. இதைப் பார்த்த அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். காய்ச்சல் அடித்தாலும், கம்மலின் தலையோ சுரையோ சதைக்குள் புதைந்துவிட்டாலும் இதே அவசரம்தான்.

கீழ்க்காதில் வரும் தொல்லை பெரும்பாலும் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. முதல் சில நாள் லேசாகச் சிவப்பதும், வெளிர் நீர் கசிந்து கம்மலைச் சுற்றிப் பொருக்குத் தட்டுவதும் ஆறுவதன் பகுதிதான். பொருக்கைப் பிய்க்காதீர்கள். கம்மலைத் திருகிக்கொண்டே இருந்தால்தான் ஓட்டை ஒட்டாது என்று பலர் சொல்வார்கள். அப்படித் திருகும் ஒவ்வொரு தடவையும் உள்ளே புதிதாக உருவான தோல் கிழிகிறது. கொதித்து ஆறிய ஒரு டம்ளர் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பைக் கரைத்து, சோப்பு போட்டுக் கழுவிய கையால், காலையும் மாலையும் நனைத்துத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய், மஞ்சள், விபூதி, ஓட்டையில் செருகும் வேப்பங்குச்சி, துடைப்பத்து ஈர்க்கு எல்லாம் வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்வதுதான். ஆனால் ஆறாத புண்ணுக்குள் போகும் குச்சியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சீழ் வைத்துவிட்டால் பதறிப்போய்க் கம்மலைக் கழற்றிவிடுவதும் தப்பாக முடியலாம். ஓட்டை மேலே தூர்ந்து சீழ் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கழற்றுவதா, விட்டுவைப்பதா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

சிலருக்கு மாதக்கணக்கில் ஆறவே ஆறாது. காய்ச்சல் இருக்காது, பெரிய வலி இருக்காது. அரிப்பும் நீர்க்கசிவும் மட்டும் இரண்டு காதிலும் ஒரே மாதிரி இருக்கும். இது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. கவரிங்கிலும் ஃபேன்சி கம்மலிலும் நிக்கல் கலந்திருப்பது சகஜம். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று சொல்லி விற்பதிலும் நிக்கல் உண்டு. ஐரோப்பிய நாடுகள் 1994-இலேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்துவிட்டன. குத்திய ஓட்டைக்குள் போகும் நகையிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்பது இன்று அங்கே விதி. ஒருமுறை இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு விடாது. கைக்கடிகாரப் பட்டையும் ஜீன்ஸ் பட்டனும்கூட அரிக்கும். அதனால் முதல் கம்மல் 22 காரட் தங்கமாகவோ, உடலுக்குள் வைக்கும் தரத்து டைட்டானியமாகவோ இருப்பது நல்லது. இந்த விஷயத்தில் ஆசாரியின் தங்கக் கம்பி பல கடைக் கம்மல்களைவிட மேல்.

தழும்பு வளர்வது இன்னொரு வகை. குத்தி மாதங்கள் கழித்து ஓட்டையைத் தாண்டிச் சதை உருண்டையாகத் திரளும். கீலாய்டு என்பார்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் இது அதிகம் வரும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் இன்னும் அதிகம். அவர்கள் மேல் காதைத் தொடவே வேண்டாம் என்பேன். வந்துவிட்டால் நூல் கட்டுவதும் சுண்ணாம்பு வைப்பதும் புண்ணைத்தான் பெரிதாக்கும். வெறுமனே வெட்டி எடுத்தாலும் முன்னைவிடப் பெரிதாக வளரக்கூடும். தோல் மருத்துவர் ஸ்டீராய்டு ஊசி போட்டு, தேவைப்பட்டால் அதோடு சேர்த்து வெட்டி, அழுத்தம் தரும் கிளிப் மாட்டிப் படிப்படியாகச் சரிசெய்வார். சர்க்கரை நோய் உள்ளவர்களும், இதய வால்வில் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் குத்திக்கொள்ளக் கூடாது.

கைக்குழந்தைக்குக் காது குத்த ஒற்றைப்படை மாதம் பார்க்கிறோம். தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை பாருங்கள். ஆறு, பத்து, பதினாலாம் வாரத்தில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் டெட்டனஸுக்கும் ஹெபடைடிஸ்-பிக்கும் பாதுகாப்பு இருக்கிறது. மூன்று தவணையும் முடிந்த பிறகு நாள் குறிப்பது நல்லது. முகூர்த்த நாளில் கோயிலில் வரிசையாகக் குழந்தைகள் காத்திருக்கும்போது, ஒரு குழந்தைக்குக் குத்திய ஊசி அடுத்த குழந்தைக்குப் போகக் கூடாது. உங்கள் கம்பியை நீங்களே கொண்டுபோய், இருபது நிமிஷம் கொதித்த தண்ணீரில் கிடந்ததா என்று பார்த்து, ஆசாரியின் கையையும் கழுவச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். திருகாணி கழன்றால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. தினமும் ராத்திரி ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

இனி உரிமை. நம் நாட்டில் காது குத்துபவருக்கென்று நாடு முழுமைக்குமான தனிச் சட்டமோ கட்டாயப் பயிற்சிச் சான்றோ இல்லை. உள்ளாட்சியின் தொழில் உரிமம்தான் இருக்கிற பிடி. 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடை நாக்கைப் பிளந்துவிடும் வேலையையும் செய்தது வெளியே வந்தபோது, மாநகராட்சி அந்தக் கடைக்குச் சீல் வைத்தது, போலீஸ் கைது செய்தது. அந்த அளவுக்குப் போகாத சாதாரணக் காது குத்தலை யாரும் வந்து சோதிப்பதில்லை. ஆகவே கேட்க வேண்டியவர் நாற்காலியில் உட்காருபவர்தான். ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லலாம். கம்மல் என்ன உலோகம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லலாம். இரண்டு கிராமுக்குக் குறைவான தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. குழந்தைக் கம்மல் பெரும்பாலும் அந்த எடைக்குள்தான் வரும் என்பதால், எத்தனை காரட் என்பதற்குப் பில்லைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

'கம்மல் வாங்கினால் குத்துவது இலவசம்' என்ற அட்டையிடம் எச்சரிக்கையாக இருங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, காசு வாங்காமல் செய்யும் சேவையைச் 'சேவை' என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நாளை கடைக்காரர் அதைப் பிடித்துக்கொள்ளலாம். கம்மல் விலையில் குத்துக்கூலியும் அடக்கம் என்று நாம் வாதாடலாம்தான். ஆனால் பில்லிலேயே 'காது குத்தியது' என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் அந்த வாதமே தேவைப்படாது.

காது கெட்டுப்போனால் அன்றன்றைக்குத் தேதி தெரிகிறபடி போட்டோ எடுத்து வையுங்கள். மருத்துவச் சீட்டில் காது குத்திய பிறகு வந்த தொற்று என்று மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். சீழ்ப் பரிசோதனை அறிக்கையையும், பணம் கட்டிய யுபிஐ பதிவையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் கடைக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பாதிப்பு நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். அலட்சியத்தால் காது நிரந்தரமாக உருக்குலைந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆவது பிரிவின்படி போலீஸிலும் புகார் கொடுக்க வழி இருக்கிறது. விடுமுறைக்குப் போன ஊரில் குத்திக்கொண்டு வந்து அவதிப்படுபவர்கள் அந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுவைக் கொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.