துண்டான விரலை எறிந்து விடாதீர்கள்!

உழ்ஹிய்யா இறைச்சி வெட்டும் அவசரத்தில் ஒருவரின் விரல் துண்டாகிவிட்டால் என்ன செய்வீர்கள்?

பதற வேண்டாம். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டான விரலை நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பொலித்தீன் பையிலிட்டு இறுகக் கட்டி, அப்பையை ஐஸ் கலந்த நீரில் வையுங்கள். விரலில் ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. பட்டால் உறைந்து பழுதாகிவிடும். உடனே வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

1965இல் ஜப்பானிய வைத்தியர்களான கொமாட்சுவும் தமாயும், முற்றாகத் துண்டான பெருவிரலொன்றின் நுண்ணிய குருதிக்குழாய்களைத் தைத்து, அதனை மீண்டும் பொருத்தினர்.

எல்லா விரலையும் பொருத்த முடியாதுதான். அதனைச் சத்திரசிகிச்சை நிபுணர் தீர்மானிக்கட்டும். அல்லாஹ் தந்த அமானிதத்தைப் பேணிக் கொண்டு சேர்ப்பதே நம் கடமை.