புரட்டாசியில் பிறக்கும் தீவுக் கணக்கு

நம் பக்கத்தில் சித்திரையில் புதுக்கணக்குப் போடுவது வழக்கம். ஆனால் ராமேஸ்வரம் தீவுக்குச் சரக்கு அனுப்பி வரும் நாங்கள், அந்த ஊர்ப் பேரேட்டை மட்டும் புரட்டாசியிலிருந்து புரட்டாசி வரை என்றுதான் பார்க்கிறோம். அங்கே வியாபாரத்தைத் திருப்பிவிடுவது பஞ்சாங்கம் பாதி, காற்று பாதி.

ஆனி, ஆடி முழுவதும் தீவின் மேல் தென்மேற்குக் காற்று ஓயாது. தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடக்கே பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும். தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். ஆவணி கழிந்ததும் காற்று தளர்கிறது. தனுஷ்கோடி சாலையில் மணல் ஏறுவது குறைகிறது. காற்று விழுந்த நாட்களில் புழுக்கம் என்னவோ அதிகம்தான். ஐப்பசியில் வாடை எடுத்துவிட்டால் இரு கடலும் குணத்தை மாற்றிக்கொள்ளும். வடகடல் சீறும், தென்கடல் படியும். கருவாடு காயப்போடுகிறவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய காலம் அது.

கிரேக்க நாட்டுச் சிறு தீவுகளிலும் ஏறக்குறைய இதே நாட்களில்தான் பருவம் திரும்புகிறது. ஏஜியன் கடலில் கோடையெல்லாம் அடித்த வடகாற்று செப்டம்பர் கடைசியில் தணியும். அக்டோபர் முடிவதற்குள் உல்லாசப் பயணிகள் போய்விடுவார்கள். விடுதிகளும் கடைகளும் பல பூட்டப்படும். கப்பல் நடைகளும் குறையும். நம் தீவு இதற்கு நேர் எதிர். பள்ளி விடுமுறைக் கூட்டம் வைகாசியோடு சரி. ஆடி அமாவாசைக்கு ஒரு நெருக்கடி. அதன் பிறகு சற்று ஓய்ந்த கடைத்தெரு, புரட்டாசி மகாளய பட்சத்தில்தான் மீண்டும் உயிர் பெறுகிறது. அமாவாசையன்று அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் இராது. அடுத்து பூஜை விடுமுறைக்கு வடநாட்டு யாத்ரீகர்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள். தை அமாவாசை வரை இப்படியே ஓடும்.

இதில் நமக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். ஆலங்குளம், வெம்பக்கோட்டைப் பக்கம் கரிசல் காட்டில் மானாவாரி விதைப்பு நடப்பது புரட்டாசிப் பட்டத்தில். மக்காச்சோளமும் பருத்தியும் விதைத்த குடியானவர் வீட்டில் அப்போது ரொக்கம் இராது. கடைகளில் பற்று ஏறும். அந்தப் பணம் நம் கைக்குத் திரும்பத் தை, மாசி ஆகிவிடும். தீபாவளிக் கொள்முதலோ கண் முன்னே நிற்கும். அந்த நேரத்தில் தீவில் எள், பச்சரிசி, சூடம், பத்தி, துண்டு, வேட்டி எல்லாம் ரொக்கத்துக்கு விற்கின்றன. 22 தீர்த்தம் ஆடி நனைந்து வருகிறவர் துண்டுக்குக் கடன் சொல்வதில்லை. நம் ஊரில் பணம் முடங்கும் மாதத்தில் அங்கே பணம் புரளுகிறது. தீவு வியாபாரத்தை நாங்கள் விடாமல் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். லாபம் அப்படியொன்றும் பெரிதல்ல. லாரி வாடகையே அதில் பாதியைத் தின்றுவிடும்.

சரக்கின் வகையிலும் கவனம் வேண்டும். வாடை தொடங்கியபின் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து வெல்லம் கசியும், அப்பளம் நமுக்கும், சாத்தூர், சிவகாசித் தீப்பெட்டி பற்றாது. இவற்றை ஐப்பசிக்கு மேல் சிறு சிறு லோடாக அனுப்புவதே உத்தமம். மொத்தமாக வாங்கி அடுக்குகிறேன் என்று கடைக்காரரே கேட்டாலும் நாங்கள் சம்மதிப்பதில்லை.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தாழ்வான தெருக்களில் கடைகளுக்குள் தண்ணீர் நின்றது. எங்களிடம் வாங்கிய ஒரு கடையில் பருப்பு மூட்டைகள் அடிவரிசை முழுக்க நனைந்து, பாக்கி தை அமாவாசை தாண்டித்தான் வந்து சேர்ந்தது. வந்ததே பெரிது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் கடையோடு ஆளையும் இழந்த குடும்பங்கள் உண்டு. அதனால் மகாளய அமாவாசைச் சரக்குக்கான பணத்தை வாடைக்கு முன்பே வாங்கிவிடுவது, கார்த்திகைச் சரக்குக்கு வேறு சீட்டுப் போடுவது என்று வைத்திருக்கிறோம். இரண்டையும் ஒரே பற்றில் சேர்த்தால் முதல் பாக்கி மழையோடு போய்விடும்.

பாலம் இன்னொரு சங்கதி. 1914 முதல் ஓடிய பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறக்கும் வரை யாத்ரீகர்களும் சரக்கும் 1988-இல் திறந்த சாலைப் பாலத்தையே நம்பியிருந்தார்கள். இப்போது ரயில் வந்துவிட்டாலும் நம் லாரிக்கு அந்த ஒரு வழிதான். அமாவாசைக்கு முதல் நாள் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். கடல் பார்க்க நடுப்பாலத்தில் காரை நிறுத்துகிறவர்கள் வேறு. ஆகவே பட்சம் பிறந்த முதல் வாரத்திலேயே லோடு இறங்கிவிட வேண்டும். வசூலுக்குப் போகிறவர்கள் அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் போனால் போதும். அதற்கு முன் போனால் கடைக்காரர் காபி வாங்கிக் கொடுப்பார். கல்லாவைத் திறக்க அவருக்கு நேரம் இராது.